கிணற்றடி ஈரத்தில் நீர்முள்ளி: குழி வெட்டுவது முதல் விதை எடுப்பது வரை

வயல் வரம்பில் யாரும் நடாமலே வளரும் நீர்முள்ளியை வளவுக்குள் கொண்டுவந்தால், பலருக்கும் இரண்டு மாதத்தில் பட்டுப்போகிறது. அநேகமான நேரம் அதற்குக் காரணம் வேலை நடந்த ஒழுங்குதான். கன்று கைக்கு வந்த பிறகு இடம் தேடுகிறார்கள். இடம் கிடைத்த அன்றே குழி வெட்டிப் பச்சைச் சாணத்தைக் கொட்டி நடுகிறார்கள். அடுத்த வாரம் மாரி மழை கொட்டுகிறது, குழி குளமாகிறது. இந்தச் செடிக்கு முதலில் குழி, பிறகு விதை, கடைசியில் கன்று. கீழே உள்ள படிகளும் அந்த ஒழுங்கிலேயே இருக்கின்றன.

1. எந்த முள்ளி என்று பாருங்கள்

முள்ளி என்று பெயர் முடிகிற செடிகள் நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பல. வாவிக் கரையில் கண்டல் மரங்களுக்கு நடுவே நீலப்பூவோடு நிற்பது கழுதைமுள்ளி. அதன் இலை தடித்து மினுங்கும், இலை விளிம்பிலேயே முள் இருக்கும். உவர் சேற்றில் வளரும் செடி அது. புதியவர்கள் அதை வெட்டி வந்து நட்டுவிட்டு நீர்முள்ளி என்று காத்திருப்பது வழக்கமாக நடக்கிறது.

நீர்முள்ளியின் இலை ஒடுங்கி நீண்டு, மெல்லியதாகச் சொரசொரப்பாக இருக்கும். தண்டு பெரும்பாலும் கிளைக்காமல் நிமிர்ந்து நிற்கும், கணுக்கள் தடித்திருக்கும். முள் இலையில் இல்லை, கணுவில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கணுவையும் சுற்றி ஆறு இலை, கூடவே ஓர் அங்குலத்துக்கும் கூடிய நேரான மஞ்சள் முட்கள். அந்த முட்களுக்கு நடுவேதான் பூ வரும். நீலமும் ஊதாவும் கலந்த, மேலுதடு கீழுதடு என இரண்டாகப் பிரிந்த பூ. கீழுதட்டின் நடுவில் மஞ்சள் தடம் இருக்கும். தாவரவியலில் இதன் பெயர் ஹைக்ரோபிலா ஆரிகுலேட்டா. விதை வாங்கும்போது இந்தப் பெயரையும் சொல்லிக் கேட்டால் மாறாட்டம் குறையும்.

2. இடம்: முள்ளையும் ஈரத்தையும் சேர்த்து யோசியுங்கள்

தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் இப்போதைக்கு இதை நடவேண்டாம். காய்ந்து விழுந்த கணுவின் முள்கூட வெறுங்காலில் ஏறும். மற்ற வீடுகளில் நடைபாதை, உடுப்புக் காயவைக்கும் கொடி, கிணற்றுக்குப் போகும் வழி ஆகியவற்றிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி வேலியோரமாக இடம் பாருங்கள்.

வெயில் ஆறு மணித்தியாலமாவது விழவேண்டும். வாழை அடியில் ஈரம் உண்டு என்று அங்கே நட்டால் செடி வெளிச்சம் தேடி மெலிந்து நீளும், மார்கழிக் காற்றில் சாயும், பூவும் குறையும்.

கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடும் பக்கம் நல்ல இடம்தான். ஆனால் உடுப்புத் தோய்க்கிற தண்ணீர் வேறு பக்கம் திரும்பவேண்டும். சலவைத்தூளில் உள்ள உப்பும் காரமும் சேற்றிலேயே தங்கிச் சேரும். மாரியில் மழை கழுவிவிடுவதால் தெரியாது, பங்குனியில் இலைநுனி கருகும்போதுதான் தெரியும். வெறும் தண்ணீரில் குளிக்கிற, கால் கழுவுகிற நீர் போகலாம்.

வயலுக்குள்ளோ வாய்க்கால் ஓரமாகவோ வீடு இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வெள்ளாண்மை செய்பவருக்கு இது களை. உங்கள் குழியின் வடிகால் பக்கத்து வயலுக்குள் போகக்கூடாது.

3. தண்ணீரைச் சோதியுங்கள்

கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, நிந்தவூர் என்று கடலுக்கும் வாவிக்கும் அண்மையில் உள்ள மணற்பகுதிகளில், கிணற்றின் நன்னீர் கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கோடையில் மோட்டர் போட்டு ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலே ஏறும். மாரியில் நல்ல தண்ணீர் தரும் கிணறு ஆவணியில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் சோதனையை ஆவணியிலேயே செய்யுங்கள்.

இரண்டு சிரட்டையில் ஈர மணல் எடுத்து ஒவ்வொன்றிலும், சேர்த்துவைத்த விதையில் (6ஆம் படியைப் பாருங்கள்) இருபது தூவுங்கள். ஒன்றுக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதற்குச் சேர்த்துவைத்த மழைத்தண்ணீர் அல்லது குழாய்த்தண்ணீர். மூன்று வாரத்தில் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர்ச் சிரட்டையில் முளைப்பு மற்றதில் பாதிக்கும் குறைவாக இருந்தால், அந்தக் கிணற்றை நம்பிக் கோடையில் இச்செடியைக் காப்பாற்றமுடியாது. இரண்டு சிரட்டையிலும் முளைப்பு இல்லாவிட்டால் விதைதான் பழசு. ஒரே சோதனையில் இரண்டும் தெரிந்துவிடும்.

4. குழி: ஆவணியில் வெட்டி முடியுங்கள்

ஆவணியில் நிலத்தடி நீர் கீழே இருக்கும், குழியின் அடியைக் கண்ணால் பார்த்து வேலை செய்யலாம். ஐப்பசி பிறந்தபின் வெட்டினால் மணலில் பக்கங்கள் இடிந்து விழும். இன்னொரு காரணமும் உண்டு. நிரப்பிய சேறு இறுகித் தாழ மூன்று நான்கு வாரம் வேண்டும். தாழ்வதற்கு முன் நட்டால் கன்றோடு சேர்ந்து மண் இறங்கும், கன்றின் கழுத்து சேற்றுக்குள் புதையும்.

இங்கே அளவுகள் ஆறடி நீளம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமான குழிக்கு. எட்டுச் செடி வரை தாங்கும்.

*எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம்) மணலில்:* மணல் ஈரத்தைப் பிடிக்காது, எனவே குழிக்குள் விரிப்பு வேண்டும். கட்டியான பொலித்தீனோ பழைய தார்ப்பாயோ போதும். பத்தடிக்கு ஏழடி விரிப்பு இருந்தால் பக்கங்களுக்கும் வரும். அடியில் உள்ள வேர், சிப்பி, போத்தல் ஓடுகளைப் பொறுக்கிவிட்டு விரியுங்கள்.

இனித்தான் பலர் பிழை விடுகிற இடம். தண்ணீர் தேங்கிவிடும் என்று பயந்து விரிப்பின் அடியில் துளை போடுகிறார்கள். அடியில் துளை போட்டால் மணல் முழுவதையும் உறிஞ்சிவிடும், விரிப்புப் போட்ட வேலையே வீண். துளைகள் பக்கச் சுவரில், அடியிலிருந்து எட்டு அங்குல உயரத்தில் இருக்கவேண்டும். நான்கு அங்குல ஆணியால் ஒன்றரை அடிக்கு ஒரு துளை. அந்த எட்டு அங்குலத்துக்குக் கீழே உள்ள நீர் செடிக்குச் சேமிப்பு. மேலே உள்ள பத்து அங்குலம் வடிந்து, வேருக்குக் காற்றும் கிடைக்கும்.

*படுவான்கரை (வாவிக்கு மேற்கே, வயல் பக்கம்) களியில்:* வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கமும், சம்மாந்துறை, இறக்காமம் வயல்வட்டைகளை ஒட்டிய வளவுகளிலும் விரிப்பு வேண்டாம். அங்கே பிரச்சினை மறுபக்கம்: தண்ணீர் போகாது. ஒரு அடி ஆழம் போதும். தாழ்வான பக்கத்தில் நான்கு அங்குல ஆழத்துக்கு ஒரு வடிகால் கீறிவிடுங்கள். ஆவணிக் களி கல்லுப்போல் இருக்கும். முதல்நாள் மாலையில் தண்ணீர் விட்டுவைத்து மறுநாள் காலையில் அலவாங்கு போட்டால் இலகுவாகப் பெயரும்.

*நிரப்பும் கலவை:* மணற்பகுதிக்கு வயற்களி இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டுச்சாணம் ஒரு பங்கு. கைவண்டி ஒன்றில் இரண்டேகால் கனஅடி வரும் என்று எடுத்தால் முறையே ஆறு, மூன்று, மூன்று வண்டி. இது நில மட்டம் வரைக்கும்தான், அதற்குமேல் மூன்று அங்குலம் உயர்த்த இதே கலவையில் இன்னும் இரண்டு வண்டி வேண்டும். பிறகு தாழும்போது நிரப்ப ஒரு வண்டி களி மேலதிகமாக ஒதுக்குங்கள். களிப்பகுதிக்கு வெட்டிய மண்ணையே எடுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மணலும் இரண்டு வண்டி சாணமும் கலந்தால் போதும்.

சாணம் மக்கியதுதான் வேண்டும். கையில் எடுத்தால் மண்வாசம் வரவேண்டும், சாணவாசம் வரக்கூடாது. பச்சைச் சாணம் காற்றில்லாத சேற்றில் அழுகும்போது வேரும் சேர்ந்து அழுகும்.

களி எடுக்கும்போது ஆற்றுவாழை, சல்வீனியா என்ற மிதக்கும் நீர்க்களைகளின் துண்டுகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆற்றுவாழையை வளர்ப்பதை 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒரு துண்டு போதும், அடுத்த மாரியில் வடிகாலோடு ஊருக்குப் போய்விடும். களியை இரண்டு வாரம் வெயிலில் பரப்பிக் காயவிட்டு எடுப்பது நல்லது.

5ஆம் படியில் உள்ள அளவுக் குழாயை முதலில் வைத்துவிட்டு நிரப்பத் தொடங்குங்கள். ஆறு அங்குலம் நிரப்பி, தண்ணீர் விட்டு, காலால் மிதித்து, பிறகு அடுத்த ஆறு அங்குலம். கடைசியில் மேற்பரப்பு சுற்று நிலத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்து நிற்கவேண்டும். கார்த்திகையில் மணற்பகுதியின் நிலத்தடி நீர் மேலேறும்போது பள்ளமான குழி மூழ்கிப்போகும், உயர்த்திய குழி தப்பும்.

5. அளவுக் குழாய்: மண் நிரப்பும் முன்பே வையுங்கள்

ஒரு அங்குல பீவீசீ குழாய் இரண்டடி எடுத்து, அதன் கீழ் ஆறு அங்குலத்தில் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். அந்தப் பகுதியை நுளம்புவலைத் துணியால் சுற்றிக் கட்டி, குழியின் மூலையில் அடிவரை நிமிர்த்தி வையுங்கள். மண் நிரப்பிய பிறகு செருகப் பார்த்தால் விரிப்புக் கிழியும். குழாயின் மேல்வாயை மூடியால் அடைத்துவைக்கவேண்டும், திறந்த குழாய் நுளம்புக்கு வீடு.

ஒரு ஈர்க்கைக் குழாய்க்குள் விட்டு எடுத்தால் அடியில் எத்தனை அங்குலம் நீர் நிற்கிறது என்று தெரியும். மேல்மண்ணைத் தொட்டுப்பார்த்துத் தண்ணீர் விடுகிறவர்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள். கச்சான் காற்று வீசும் நாளில் மேல்மண் ஒரு மணித்தியாலத்தில் வெளிறிவிடும், கீழே ஆறு அங்குலம் நீர் நிற்கும்.

6. விதை சேர்த்தல்

மாசி, பங்குனியில் கணுக்கள் காய்ந்து பழுப்பாகும் நேரம் விதை எடுக்கலாம். வயல்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், அநேகமாகச் சந்தோசமாகவே தருவார்கள். தடித்த தோல் கையுறை, வெட்டுக்கத்தி, ஒரு உரப்பை போதும். தண்டை அடியில் வெட்டித் தலைகீழாகப் பைக்குள் விடுங்கள். கணுவைக் கையால் உருவவேண்டாம்.

பையை நிழலில் நான்கு நாள் வைத்து வெளியிலிருந்து தடியால் தட்டினால் காய் வெடித்து விதை அடியில் சேரும். மாவு அரிக்கும் அரிதட்டில் அரித்து முள்ளையும் சருகையும் நீக்குங்கள். தட்டையான பழுப்பு விதை. உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடுங்கள். ஈரக்கையால் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

நாட்டுமருந்துக் கடையிலும் நீர்முள்ளி விதை கிடைக்கும். அது மருந்துக்கு வந்தது, எத்தனை காலம் சாக்கில் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. மேலே சொன்ன சிரட்டைச் சோதனை செய்யாமல் நம்பவேண்டாம்.

7. விதைப்பு: ஊறவைக்காதீர்கள்

இந்தச் செடியில் நடக்கும் பிழைகளில் பெரியது இதுதான். பயறு, பாகல், புடோல் எல்லாவற்றையும் இரவு ஊறவைத்து நடுகிற பழக்கம் கையோடு வருகிறது. ஒரு கரண்டித் தண்ணீரில் ஐந்து நீர்முள்ளி விதையைப் போட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் ஒவ்வொரு விதையையும் சுற்றி வெண்மையான கூழ் புடைத்துவரும், ஐந்தும் ஒன்றாக ஒட்டும். ஒரு கைப்பிடி விதையை இரவு முழுக்க ஊறவைத்தால் காலையில் ஒரு கூழ்க்கட்டிதான் மிஞ்சும். அதைப் பிரிக்கமுடியாது. அப்படியே புதைத்தால் நடுவிலுள்ள விதைக்குக் காற்றில்லை, பூஞ்சணம் பிடித்து அழுகும்.

சரியான முறை இது. புரட்டாதி நடுவில், அகலமான மண்சட்டியில் ஆற்றுமணலும் மக்கிய உரமும் சமபங்கு நிரப்புங்கள். சட்டியை ஒரு அங்குலத் தண்ணீர் உள்ள தாச்சியில் அரை மணித்தியாலம் வைத்தால் கீழிருந்து ஈரம் ஏறும். மேல்மண் கறுத்ததும் வெளியே எடுங்கள். ஒரு தேக்கரண்டி விதைக்கு ஒரு சிரட்டை காய்ந்த மணல் கலந்து, உப்புத் தூவுவதுபோல் தூவுங்கள். மேலே மணலை ஒரு நூல் கனத்துக்குத் தூவிக் கையால் மெல்ல அமுக்குங்கள், அவ்வளவுதான்.

அதன்பிறகும் மேலிருந்து தண்ணீர் ஊற்றவேண்டாம், தாச்சி முறைதான். மேலே ஊற்றினால் கூழோடு விதைகள் மிதந்து சட்டியின் ஒரு ஓரத்தில் சேரும். திடீர் மழைக்குச் சட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவையுங்கள். மூன்று வாரம் கடந்தும் முளைக்காத சட்டியைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தூவுங்கள்.

நான்கு இலை வந்ததும் நெருக்கமானவற்றைப் பெயர்த்துத் தனித்தனிப் பையில் மாற்றுங்கள். பிடிக்கவேண்டியது இலையை, தண்டை அல்ல. தண்டு நசுங்கினால் கன்று போனதுதான்.

விதை கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி: பெரும்போகத்துக்கு வரம்பு செருக்கும்போது பிடுங்கி எறியும் இளங்கன்றுகள். வேரோடு உள்ளங்கை அளவு சேறும் வரும்படி எடுத்து, ஈரச்சாக்கில் சுற்றி, அன்றே நடுங்கள். களைநாசினி அடித்த வயலில் எடுக்கவேண்டாம். அன்று பச்சையாகத் தெரியும், பத்து நாளில் மஞ்சளாகும்.

8. நடுகை

கன்று ஐந்து ஆறு அங்குலம் ஆகும்போது, ஐப்பசியின் பிற்பாதியில் நடுங்கள். கார்த்திகையின் கனமழைக்கு முன் வேர் பிடிக்க இரண்டு வாரமாவது வேண்டும்.

நடுவதற்கு முதல்நாள் குழி தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்து, ஒதுக்கிய களியால் மூன்று அங்குல உயரத்தைத் திரும்ப எடுங்கள். செடிக்குச் செடி ஒன்றரை அடி, இரண்டு வரிசையில் மாறிமாறி. நெருக்கினால் வளர்ந்தபிறகு நடுவில் கைவிட இடமிராது. மாலை நான்கு மணிக்குப் பிறகு நட்டு, பையில் இருந்த அதே மட்டத்தில் மண் அணையுங்கள். மூன்று நாளைக்குக் கிடுகால் வெயில் மறையுங்கள்.

குழியின் முன்விளிம்பில் வல்லாரையோ பொன்னாங்காணியோ நட்டால் சேற்று மேற்பரப்பு மூடிக் களை குறையும். முள்ளுச்செடிகளுக்கு இடையில் நடாமல் விளிம்பில் மட்டும் நடுங்கள், பறிக்கும்போது கை உள்ளே போகத் தேவையில்லை. கிணற்றடி வழிநீர் போகும் குழியில் வளர்ந்ததைச் சமைக்கவேண்டாம்.

9. மாரியில் வடிப்பு, தை முதல் ஊற்று

கார்த்திகை, மார்கழியில் உங்கள் வேலை தண்ணீர் ஊற்றுவதல்ல, வடிய விடுவது. மழை விட்ட மறுநாள் குழியின் மேல் நீர் தேங்கி நின்றால் வடிகாலைத் திறந்துவிடுங்கள். செடி தாங்கும், நாம் தாங்கமாட்டோம்: ஒரு வாரம் அசையாமல் நின்ற தெளிந்த நீர் டெங்கு நுளம்புக்குப் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வளவுக்கு வந்தால் இந்தக் குழியைத்தான் முதலில் பார்ப்பார். ஈரச்சேறாக இருக்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

தை பிறந்து மழை குறைந்ததும் ஈர்க்கு அளவைத் தொடங்குங்கள். அடியில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் ஊற்றவேண்டும், எட்டு வரை ஏறினால் நிறுத்தவேண்டும். களிக்குழியில் ஈர்க்கின் அளவு இரண்டுக்கு இறங்கும்வரை பொறுக்கலாம். தினம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறைய விடுவதே நல்லது. தெளித்த நீர் மேல்மண்ணோடு ஆவியாகும், உப்பு மட்டும் மேலே தங்கும். மண்ணின் மேல் வெள்ளைப் படை கண்டால் நல்ல தண்ணீரை வடிகால் வழியே வெளியேறும் அளவுக்கு ஒருமுறை விட்டு அலசுங்கள்.

யூரியா போடவேண்டாம். சாணம் கலந்த குழி ஒரு பருவத்துக்குப் போதும். யூரியாவில் தண்டு கொழுத்துச் சாயும், பூ பிந்தும்.

10. இலையைத் தின்னும் புழு

இலையில் ஓட்டை விழுந்து, கறுத்த உடலில் கிளைவிட்ட முட்களோடு புழு ஊர்ந்தால் மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். செம்மஞ்சள் இறகில் மயிற்கண் போன்ற பெரிய புள்ளி கொண்ட வண்ணத்துப்பூச்சியின் புழு அது. நீர்முள்ளி அதற்கு உணவுச்செடி. எட்டுச் செடியில் இரண்டை அது தின்றாலும் மீளத் துளிர்க்கும். மருந்தடித்தால் பூவுக்கு வருகிற தேனீயும் போகும். கன்று சிறிதாக இருக்கும்போது மட்டும், புழுவை ஈர்க்கால் தூக்கிப் பெரிய செடியில் விட்டால் போதும்.

நத்தைக்கு இந்த இரக்கம் வேண்டாம். பெரிய ஆபிரிக்க நத்தை ஒரே இரவில் ஒரு வரிசைக் கன்றை முடித்துவிடும். மழை இரவுகளில் டோர்ச்சோடு போய்க் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத்தண்ணீர் வாளியில் போடுங்கள். குழியைச் சுற்றி உப்புத் தூவினால் நத்தையோடு செடியும் போகும். ஆடு, முள் முற்றாத கன்றைக் கடிக்கும். தை வரை வேலி அடைப்பு அவசியம், பிறகு முள்ளே காவல்.

11. பூ முடிந்தபின்

பங்குனியில் கீழ்க்கணுக்கள் காயத் தொடங்கும். இலை மஞ்சளாவதைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றுகிறார்கள். அது செடி தன் காலம் முடித்து விதைக்குப் போவது. ஊற்றினால் அடி அழுகும், விதையும் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டு செடியை மட்டும் விதைக்கு விட்டு, மற்றவற்றைக் காய் பச்சையாக இருக்கும்போதே நான்கு அங்குலம் விட்டு வெட்டுங்கள். எல்லாவற்றையும் முற்றவிட்டால் அடுத்த மாரியில் குழி முழுக்க நூற்றுக்கணக்கில் முளைத்து, களைபிடுங்குவதே வேலையாகும், வாய்க்கால் வழியே வயலுக்கும் போகும். வெட்டிய அடியில் பச்சை இருந்தால் மிதமான ஈரத்தில் திரும்பத் துளிர்க்கலாம். முழுதாகக் காய்ந்தால் பிடுங்கிவிட்டு, சேமித்த விதையைப் புரட்டாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய தண்டுகளை உரக்குழியில் போடவேண்டாம். மற்றவை மக்கினாலும் முள் பல மாதம் கிடந்து, உரம் அள்ளும் கையில் ஏறும். ஆட்கள் நடமாடாத மூலையில் இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். விழுந்த முட்களைக் கையால் தேடிப் பயனில்லை. குழியைச் சுற்றி மூன்றடிக்குத் தும்புத்தடியால் இருமுறை கூட்டி, விழுந்த முட்களையும் அதே புதைகுழிக்குள் போட்டு மூடுங்கள்.